கட்டை இழுக்க ஆர்ச்: ஏர்க்கால் தூக்கா, செயின் பிளாக்கா, டிராக்டர் ஹைட்ராலிக்கே போதுமா?

போன மாதம் பெரியப்பா மகன் வந்திருந்தார். கொல்லையில் நிற்கும் என் ஆர்ச்சை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, அளவெடுத்துக்கிட்டுப் போறேன், இதே மாதிரி எனக்கும் ஒண்ணு அடிச்சுக்கிறேன்" என்றார். "இதே மாதிரி வேண்டாம்ணே" என்றேன். முகம் சுருங்கிப் போனது. சொல்லித்தர எனக்கு மனமில்லை என்று நினைத்திருப்பார் போல. விஷயம் அதுவல்ல. என்னிடம் இருப்பது மினி டிராக்டர். அவரிடம் இருப்பது ஒரு ஜோடி உம்பளச்சேரி மாடு. இழுப்பது மாறினால் ஆர்ச்சும் மாற வேண்டும். அன்று திண்ணையில் உட்கார்ந்து அவருக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஆர்ச் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு சக்கரம், அவற்றை இணைக்கக் கவிழ்த்து வைத்த 'ப' போல ஒரு இரும்புச் சட்டம், முன்னால் நீண்ட ஏர்க்கால். சட்டத்தைக் கட்டையின் மேல் கவட்டுப் போட்டாற்போல நிறுத்தி, கட்டையின் முனையைச் சங்கிலியால் தூக்கிக் கட்டி இழுத்துப் போக வேண்டியதுதான். எங்கள் வீட்டு ஆள் முதல் நாளே அதற்குக் 'கவட்டை வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார். வில்வண்டி என்று சொல்லலாமே என்று பார்த்தால் அது வேறு ராஜபோகம்.

ஏன் இது தேவைப்பட்டது என்றால், 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் பேராவூரணிப் பக்கத்தில் தென்னை நின்ற இடமெல்லாம் தென்னை கிடந்தது. அப்போது ஆர்ச் கிடையாது. துண்டு போட்டதைத் தரையோடு தரையாக இழுத்தோம். வரப்பு கரைந்தது, சொட்டுநீர்க் குழாய் அறுந்தது. கூடவே விழுந்த வாகையையும் வேம்பையும் அப்படியே இழுத்துக்கொண்டு போய் அறுவை மில்லில் போட்டால், பட்டைக்குள் ஏறிய மண்ணும் பொடிக்கல்லும் ரம்பத்தை மழுங்கடித்துவிட்டன என்று திட்டு வாங்கினோம். நியாயமான திட்டு.

சரி, கணக்குக்கு வருவோம். ஆர்ச் அடிக்க நினைப்பவர்கள் முதலில் சக்கரத்தைத் தேடிப் போகிறார்கள். முதலில் தேட வேண்டியது கட்டையின் எடை. இங்கேதான் நம் ஊரில் ஒரு பொறி இருக்கிறது. மர வியாபாரி எப்படிக் கன அடி போடுவார்? நடுவில் சுற்றளவு பிடித்து, அதை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார். 12 அடி நீளம், 4 அடி சுற்றளவு என்றால் 12 கன அடி. அறுவையில் போகும் கழிவை முன்னாலேயே கழித்துக்கொள்ளும் கணக்கு இது. ஆனால் எடை தூக்கும்போது கழிவும் சேர்ந்துதான் தொங்கும். உருளையின் உண்மையான கன அளவு வேண்டுமானால் வியாபாரி கணக்கை 1.27-ஆல் பெருக்க வேண்டும். அதே கட்டை 15 கன அடியைத் தாண்டிவிடும். பச்சை மரத்துக்குத் தண்ணீரின் எடையையே வைத்துக்கொள்வது பாதுகாப்பு, அதாவது கன அடிக்கு 28 கிலோ. வியாபாரி கணக்கில் 340 கிலோ என்று தெரிந்த கட்டை, நிஜத்தில் 430 கிலோ. இந்த 90 கிலோ வித்தியாசத்தில்தான் என் முதல் ஆர்ச் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த 430 கிலோக் கட்டையை மூன்று விதமாக இழுத்துப் பார்க்கலாம். தரையோடு இழுத்தால், மண்ணின் பிடிமானம் கட்டை எடையில் ஐந்தில் மூன்று பங்கு என்று தோராயமாக வைத்தால், 260 கிலோ விசை வேண்டும். ஒரு முனையைத் தூக்கினால் பாதி எடை சக்கரத்துக்குப் போய்விடும். மீதிப் பாதிதான் உராயும். அது 130, சக்கரம் உருள ஒரு 20, ஆக 150. முழுக் கட்டையும் தொங்கினால் சக்கரம் உருளும் விசை மட்டும்தான், வயல் மண்ணில் 45 போதும். நனைந்த களியில் இந்த எண்கள் மாறும்.

இப்போது இழுப்பவரைப் பாருங்கள். ஒரு ஜோடி மாடு தொடர்ந்து இழுக்கக்கூடியது தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூட. உம்பளச்சேரி சின்ன உருவம். ஜோடிக்கு 700 கிலோ என்றால் 70, 80 கிலோ விசை. உந்தி இழுக்கும் சில நொடிகளுக்கு இதைப்போல இரண்டு மடங்கு போகும். ஆனால் 150-ஐ அரைக் கிலோமீட்டர் இழுக்கச் சொன்னால் அது மாட்டுக்குச் செய்யும் பாவம். அண்ணனுக்கு முழுத் தூக்கு வேண்டும், எனக்குப் பாதித் தூக்கு போதும். மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

தூக்குவதற்கு உள்ள வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஏர்க்கால் தூக்கு. காசு குறைவு, கெட்டுப்போக எதுவும் இல்லை. ஏர்க்காலை வானத்தைப் பார்க்க நிமிர்த்தினால் ஆர்ச்சின் முதுகு, அதாவது சட்டத்தின் மேல் குறுக்குத் தண்டு, பின்னால் சாய்ந்து தாழும். சங்கிலியை மாட்டி, ஏர்க்காலைக் கீழே அமுக்கினால் முதுகு மேலேறும், கட்டையும் கூடவே ஏறும். 1870களில் அமெரிக்காவின் மிச்சிகனில், மானிஸ்டீ என்ற ஊரில், சைலஸ் ஓவர்பேக் என்பவர் இப்படித்தான் பெரிய சக்கர வண்டிகள் செய்து விற்றார். ஒன்பது, பத்து அடி உயரச் சக்கரம், குதிரை இழுக்கும். தத்துவம் அதேதான், அளவுதான் சுருங்கியிருக்கிறது.

இதன் நெம்புகோல் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் பிறகு யாரையும் கேட்க வேண்டாம். என்னுடையதில் அச்சிலிருந்து முதுகு வரை ஒன்றரை அடி. அச்சிலிருந்து ஏர்க்கால் நுனி வரை 9 அடி. ஒன்றுக்கு ஆறு. 430 கிலோக் கட்டையின் பாதி 215, அதை ஆறால் வகுத்தால் 36 கிலோ அமுக்கினால் போதும். அடிமரப் பக்கம் கனம் அதிகம், அதனால் 40 என்று வையுங்கள். ஒரு ஆள் தொங்கினால் முடிந்தது.

ஆனால் முதுகை இன்னும் உயர்த்தினால் கட்டை அதிக உயரம் ஏறும், அமுக்கும் பளுவும் ஏறும். தாழ்த்தினால் இரண்டும் குறையும். இரண்டும் ஒன்றையொன்று தின்னும். நடுவில் நமக்குத் தோதான இடத்தைத்தான் பிடிக்க முடியும். இன்னொன்று, காகிதத்தில் ஒன்றரை அடி தூக்கும் என்று வருவது வயலில் முக்கால் அடிதான் தூக்கும். சங்கிலித் தொய்வு கொஞ்சம் தின்றுவிடும். கட்டை பருமனாக இருந்தால் முதுகு அதன் மேலேயே முட்டி நிற்கும், ஏர்க்காலை முழுக்க நிமிர்த்தவே முடியாது. முனை முக்கால் அடி எழும்பினாலே வரப்பில் தட்டாமல் போகலாம் என்பதால் எனக்கு இது போதுமாக இருக்கிறது.

இதில் ஆபத்து ஒன்று உண்டு. கட்டையைத் தூக்கும்போது அல்ல, இறக்கும்போது. ஏர்க்காலை டிராக்டர் கொண்டியிலிருந்து கழற்றிய நொடியில் கட்டையின் எடை அதை மேலே உதறும். ஏர்க்காலுக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு கழற்றுபவருக்குப் பல் மிஞ்சாது. நுனியில் ஒரு கயிறு கட்டி, தள்ளி நின்று, கயிற்றை மெல்ல விட்டு இறக்குங்கள்.

அடுத்தது செயின் பிளாக். முதுகின் நடுவில் ஒரு டன் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, கைச்சங்கிலியை இழுத்துக் கட்டையை ஏற்றுவது. மெதுவான வேலை, ஒரு கட்டைக்கு நாலைந்து நிமிடம் கை வலிக்க இழுக்க வேண்டும். ஆனால் தேவையான உயரத்துக்கு அங்குலம் அங்குலமாக ஏற்றலாம், விட்ட இடத்தில் அதுவே பிடித்து நிற்கும். கைப்பிடியைச் சுற்றிக் கம்பிவடத்தை இழுக்கும் கைவின்ச்சைவிட நான் இதைச் சொல்வது அதனால்தான். சாதாரணக் கைவின்ச்சில் பல்லைத் தாங்கும் நாக்கு விலகினால் கைப்பிடி காற்றாடி மாதிரி சுற்றும், மணிக்கட்டு போய்விடும். பிரேக் வைத்த வின்ச் கிடைத்தால் வாங்கலாம். 12 வோல்ட் மின் வின்ச்சும் இருக்கிறது, பேட்டரி சுமக்க யாருக்காவது ஆசை இருந்தால்.

செயின் பிளாக்குக்கு நாம் கொடுக்கும் விலை உயரம். மேல் கொக்கிக்கும் கீழ்க் கொக்கிக்கும் நடுவே, முழுக்க ஏற்றிய பிறகும், ஓர் அடி அளவுக்கு இடம் போய்விடும். அதனால் ஆர்ச்சின் முதுகு தரையிலிருந்து நாலேகால் அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். என்னுடையது மூணேகால் அடிக்கும் கீழே. உயரம் ஏறினால் வாய்க்கால் கரையில் சாய்ந்து போகும்போது கவிழப் பார்க்கும். சக்கர அகலத்தையும் கூட்டினால்தான் சமன் ஆகும், அகலம் கூடினால் தென்னை வரிசையில் சரி, வேலிப்படலில் நுழையாது. உங்கள் தோட்டத்தின் ஆகக் குறுகிய வாசலை டேப் வைத்து அளந்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கடமான கேள்வி: ஆர்ச் வேண்டுமா? பின்னாலுள்ள ஹைட்ராலிக் கைகளில் குறுக்குத் தண்டைப் போட்டு, கட்டை முனையைச் சங்கிலியால் கட்டி, லீவரைத் தூக்கினால் முடிந்தது. மினி டிராக்டர்களில் பலவற்றின் தூக்கும் திறன் 500 முதல் 750 கிலோ. நம் கட்டையின் பாதி 215 தானே. வருடத்தில் நாலு கட்டை, அதுவும் நூறு மீட்டர் தூரம் என்றால் இதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். நானே இரண்டு வருடம் இப்படித்தான் ஓட்டினேன். மாறியதற்குக் காரணம், பின்னால் பாரம் தொங்கும்போது முன்சக்கரம் தரையை மறந்துவிடுகிறது, ஸ்டியரிங் திருப்பினால் வண்டி நேராகவே போகிறது. திரும்பும்போது கட்டை பின் டயரில் உரசுகிறது. ஆர்ச் அந்தப் பாரத்தைத் தன் சக்கரத்தில் வாங்கிக்கொள்கிறது. எந்த வழியானாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இழுக்கும் சங்கிலியை டிராக்டரின் மேல் இணைப்பில் மாட்டவே கூடாது. கட்டை எங்காவது வேரில் சிக்கினால் டிராக்டர் பின்னோக்கி எழும்பி ஓட்டுபவர் மேலேயே கவிழும். இழுக்கும் இடம் பின் அச்சுக்குக் கீழேயே இருக்க வேண்டும், ஆர்ச் என்றால் அங்கே உள்ள இழுவைக் கொண்டி மட்டும்தான்.

ஜேசிபியை வாடகைக்கு எடுப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே நாளில் முப்பது கட்டையை ஏற்ற வேண்டும் என்றால் அதுதான் புத்தி. மழைக்குப் பிறகு ஈரத்தோடு உள்ளே விட்டால் தென்னை வேர் என்ன ஆகும் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி சட்டம். என் முதல் ஆர்ச்சை 2 அங்குல பி கிளாஸ் (நடுத்தரக் கனம்) பைப்பில் அடித்தேன். வளைக்க இயந்திரம் இல்லாததால் பட்டறைக்காரர் பைப்பில் ஆப்பு வடிவில் வெட்டு வெட்டாகப் போட்டு, மடித்து, வெல்டிங் வைத்துக் கொடுத்தார். பார்க்க அழகாக வில் மாதிரி இருந்தது. வியாபாரி கணக்கில் 12 கன அடி வந்த அந்த வாகைக் கட்டையைத்தான் முதலில் தூக்கினேன். அன்றைக்கு ஆர்வக் கோளாறில் நடுவில் கட்டி முழுசாகவே தூக்கிவிட்டேன். நின்றபோது தாங்கியது. வாய்க்கால் கரையில் ஒரு குலுங்கு. இரண்டு சக்கரமும் கால் பரப்பிய ஒட்டகம் போல வெளியே சாய்ந்தன, முதுகு தொய்ந்துபோனது.

ஏன் என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். சக்கரங்களுக்கு இடையே 4 அடி, நடுவில் 430 கிலோ. அசையாமல் நின்றால் அந்தப் பைப்பில் வரும் அழுத்தம் சுமார் 145 மெகாபாஸ்கல் (இரும்பின் வலுவை அளக்கும் அலகு). சாதாரண இரும்பு 250 வரை தாங்கும். ஆனால் வண்டி குலுங்கும்போது பளு இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொள்வது வழக்கம். 290. வளையாமல் என்ன செய்யும்? நல்லவேளை, வெட்டிச் சேர்த்த இடத்தில் ஒடியவில்லை.

அதே இடத்தில் 75 மில்லிமீட்டர் சேனலை ('C' வடிவ இரும்பு) நிமிர்த்தி வைத்தால், மீட்டருக்கு எடை 5 கிலோவிலிருந்து 7 கிலோவாகத்தான் ஏறுகிறது, வளைவைத் தாங்கும் வலு இரண்டேகால் மடங்கு ஆகிவிடுகிறது. இரண்டு கிலோ இரும்புக்கு இது மலிவு. இரண்டாவது ஆர்ச்சில் முதுகுக்கு இரண்டு சேனலை முகத்துக்கு முகம் சேர்த்துப் பெட்டியாக வெல்ட் செய்தேன், முறுக்கையும் அது தாங்கும். கால்களுக்கு ஒற்றைச் சேனல் போதும். நேராக நிற்கும் காலுக்கு அவ்வளவு வேதனை இல்லை, முதுகுக்குத்தான். மூலை இரண்டிலும் 8 மில்லிமீட்டர் முக்கோணத் தட்டு. வளைவே கிடையாது. அழகு போனது, பெயர் மட்டும் ஆர்ச் என்றே நிற்கிறது. பைப்தான் வேண்டும் என்பவர்கள் 3 அங்குலத்துக்குப் போங்கள், வலு கிட்டத்தட்டச் சேனல் அளவு வரும். ஆனால் நல்ல பெண்டிங் இயந்திரத்தில் வளைக்க வேண்டும்.

சக்கரத்துக்குக் காயலாங்கடைதான் கதி. பைக் சக்கரத்தைப் போட்டு அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். அந்த அச்சு இரண்டு பக்கமும் தாங்குவதற்காகச் செய்தது, ஒரு பக்கத் தாங்கலில் நிற்காது. சின்னக் கார்களின் 12 அங்குலச் சக்கரம் சுலபமாகக் கிடைக்கும். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பிறகு ஓர் எண் இருக்கும். 69 என்றால் ஒரு டயர் 325 கிலோ, 74 என்றால் 375 கிலோ தாங்கும். பாரத்தில் பிரச்சினை இல்லை, உயரத்தில்தான். அந்தக் குட்டிச் சக்கரம் ஒவ்வொரு வரப்பிலும் வாயைத் திறந்து விழும். என் தேர்வு பழைய டிராக்டரின் முன்சக்கரம், 6.00-16 அளவு. ஹப், பேரிங், குட்டை அச்சு எல்லாம் ஒரே தொகுப்பாகக் கிடைக்கும். அச்சை அப்படியே காலின் அடியில் வெல்ட் செய்துகொள்ளலாம். சுமார் இரண்டரை அடி விட்டம், வரப்பைத் தாண்டும்போது தெரியவே தெரியாது.

சங்கிலியில் கஞ்சம் பிடிக்காதீர்கள். கடையில் கிலோக் கணக்கில் விற்கும் சங்கிலி எவ்வளவு தாங்கும் என்று விற்பவருக்கே தெரியாது. கிரேடு 80 என்று கண்ணியில் பொறித்த 8 மில்லிமீட்டர் சங்கிலி 2 டன் வேலைப் பளு தாங்கும். ஆறடி வாங்கினால் போதும்.

ஓட்டிப் பார்த்த பிறகு என் ஆர்ச்சில் நான் மாற்றியவற்றில் மிகவும் பயன்பட்டது, முதுகுக்கு முன்னால் வெல்ட் செய்த ஒரு துண்டு ஆங்கிள் ('L' வடிவ இரும்பு). முதலில் அது இல்லாததால், கரையிலிருந்து இறங்கும்போது தூக்கிய முனை ஊஞ்சல் மாதிரி முன்னே வந்து டிராக்டரின் பின்புறத்தில் இடித்தது. இப்போது கட்டையின் மூக்கை அந்த ஆங்கிளோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுகிறேன். ஆடாது. அப்புறம், சக்கர அகலத்தை மூன்றரை அடியிலிருந்து நாலு அடியாக்கியது. அதற்காக ஒரு படலைப் பிடுங்கி நட வேண்டியிருந்தது.

அண்ணனுக்கு வருகிறேன். முழுத் தூக்கு என்றால் செயின் பிளாக்தான், ஏர்க்கால் தூக்கில் அந்த உயரமும் எடையும் வராது. கட்டையின் நடுவிலிருந்து கொஞ்சம் அடிமரப் பக்கம் தள்ளினால் சமன் புள்ளி கிடைக்கும். அங்கே கட்டித் தூக்கினால் இழுக்க வேண்டியது வண்டி எடையையும் சேர்த்து 55 கிலோ விசைக்குள் நிற்கும், மாடு பேசாமல் போகும். ஆனால் மாட்டு வண்டியில் வளர்ந்தவர் உடனே கேட்டார்: "பின்பாரம் விழுந்தா மாட்டுக் கழுத்தை இறுக்குமே? எறக்கத்துல வண்டி மாட்டு மேலயே ஏறுமே?"

இரண்டும் சரியான கேள்வி. நான் சொன்னது இது. சமன் புள்ளிக்கு அரை அடி முன்னால் தள்ளிக் கட்டு, வால் பக்கம் கொஞ்சம் கனமாக இருக்கும். முன்முனையை ஏர்க்காலோடு கயிறு போட்டு அமுக்கிக் கட்டு. அது ஏர்க்காலை மேலே தூக்கப் பார்க்கும், ஏர்க்காலின் சொந்த எடை அதைச் சரிக்கட்டும், நுகத்தில் முன்பாரம் லேசாகத்தான் தெரியும். இறக்கம் வருவதற்கு முன் வண்டியை நிறுத்தி, அந்தக் கயிற்றைத் தளர்த்து. முன்முனை எழும்பும், வால் தரையில் விழுந்து உராயும், அதுதான் பிரேக். அமெரிக்கப் பெரிய சக்கர வண்டிகளிலும் பிற்பாடு இதற்காக வழுக்கும் ஏர்க்கால் வைத்தார்கள். சரிவில் வண்டி குதிரையை முந்தப் பார்த்தால், ஏர்க்கால் பின்னே நழுவிக் கட்டை தானாகத் தரையில் இறங்கிவிடும், இழுக்க ஆரம்பித்தால் மறுபடி ஏறும். அதை நம் பட்டறையில் செய்யலாமா என்று கேட்டார். செய்யலாம், ஆனால் முதலில் கயிற்றோடு ஒரு பருவம் ஓட்டிப் பாருங்கள் என்றேன். மேடு பள்ளமே இல்லாத ஊரில், வாய்க்கால் கரை இரண்டுக்காக அவ்வளவு இரும்பு எதற்கு?

போன வாரம் பட்டறைப் பக்கம் போனேன். முதுகுக்கு இரண்டு சேனலையும் முகம் சேர்த்து வைத்திருந்தார்கள், டிராக்டர் ஹப் இரண்டும் டீசலில் ஊறிக்கொண்டிருந்தன. அண்ணன் டேப்பும் கையுமாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "உன்னுதைவிட ஒரு அடி உசரம்டா" என்றார்.